ராமானுஜன் வேலை கேட்டு எழுதிய கடிதங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ், 7ஆம் எண் என்று முகவரி போட்டு, மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கடிதம் போனது. உள்ளே ஐந்தே வாக்கியங்கள். எழுதியவர் சீனிவாச ராமானுஜன், வயது 24. கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. மூன்று வாரத்தில், மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று, அதே வேலையில் இருந்துகொண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஜி. எச். ஹார்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை உலகமே பேசுகிறது. முதல் கடிதத்தை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. கவர் லெட்டர் எழுத உட்கார்ந்து என்ன எழுதுவதென்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்த்துப் படிக்க வேண்டியவை என்பது என் எண்ணம். ஒரே ஆள், ஒரே திறமை, ஒரே குறை. படிப்பவர் மாறியதும் கடிதம் எப்படி மாறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் அமையாது.

கையில் என்ன இருந்தது

ராமானுஜனின் பெருமையை மறந்துவிட்டு, 1912இல் ஓர் அலுவலக மேலாளர் பார்த்திருக்கக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பு. மெட்ரிகுலேஷன் தேறியாயிற்று. உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் அந்த உதவித்தொகை போய்விட்டது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முன் எழுத வேண்டிய அன்றைய கல்லூரித் தேர்வு) தேறவில்லை. 1909இல் திருமணம். நிலையான வருமானம் கிடையாது. இடையில் நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதாமாதம் கொடுத்த பணத்தில் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரத் தற்காலிக வேலை.

இன்றைய பேச்சில் சொன்னால் டிகிரி இல்லை, அரியர் உண்டு, நாலைந்து வருட கேப் உண்டு, சொல்லிக்கொள்ளும்படி அனுபவமும் இல்லை. நம் ஊர்களில் இதே நிலையில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், நடுவில் ஏதோ ஒன்றில் இடறி, பிறகு அந்த இடறலை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறவர்கள். இந்த ஆய்வை எழுதும்போது என் மனதில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஐந்து வாக்கியங்கள்

போர்ட் டிரஸ்ட் கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் போக்கைத் தமிழில் சொல்கிறேன்.

தங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் வாக்கியம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், எதிர்பாராத சில சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்பது இரண்டாவது. ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கும் அதை வளர்ப்பதற்கும் செலவிட்டு வருகிறேன் என்பது மூன்றாவது. நியமித்தால் வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற முழு நம்பிக்கை இருக்கிறது என்பது நான்காவது. ஆகவே அந்த நியமனத்தைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்பது கடைசி.

இதில் நான் மிகவும் மதிப்பது இரண்டாவது வாக்கியத்தை. தோல்வியை மறைக்கவில்லை, எஃப்.ஏ. தேறினேன் என்று பொய் சொல்லவும் இல்லை. அதே சமயம் எந்தப் பாடத்தில் போனது, உதவித்தொகை ஏன் நின்றது, வீட்டில் என்ன கஷ்டம் என்றெல்லாம் புலம்பவும் இல்லை. பாதி வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூன்றாவது வாக்கியத்தில் "ஆனாலும்" என்று இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வந்துவிடுகிறார். கேப் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, வருடங்களையே காட்டாமல் மழுப்பிவிடுவார்கள். படிப்பவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இல்லையென்றால் கடிதத்தில் பாதியை அந்தக் கதைக்கே கொடுத்துவிடுவார்கள். படித்து முடித்ததும் மேலாளர் மனதில் பரிதாபம்தான் தங்கும், வேலை கொடுக்கத் தோன்றாது. குறைக்கு அரை வாக்கியம், அதன் பிறகு செய்தவற்றுக்கு முழு வாக்கியம் என்ற ராமானுஜனின் அளவு இன்றைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

எழுதாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். 1911இலேயே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றி அவருடைய கட்டுரை வெளியாகிவிட்டது. குமாஸ்தா வேலைக்கான கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேரேட்டில் வரவு செலவு எழுத ஆள் தேடுகிறவரிடம் பெர்னூலி எண்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது சரியான முடிவு. ஆனால் இன்னொன்றை விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரமாவது கணக்கு வேலை பார்த்தவர், கணக்குப் பிரிவில் வேலை கேட்கும்போது அதை ஏன் சொல்லவில்லை? தற்காலிகம்தானே, சொற்ப காலம்தானே என்று நினைத்திருக்கலாம். அந்தக் கடிதத்தில் இல்லாமல் போன ஒரே சரக்கு அதுதான். ஒரு கடையில் மூன்று மாதம் பில் போட்டதையும், மாமாவின் ஆடிட்டர் அலுவலகத்தில் விடுமுறையில் வவுச்சர் அடுக்கியதையும் "இதெல்லாம் ஒரு அனுபவமா" என்று விட்டுவிடுகிறவர்கள் இன்றும் நிறைய. கேட்கிற வேலைக்கு நேரே தொடர்புள்ளது என்றால் அது சிறியதாக இருந்தாலும் முதலில் எழுத வேண்டியது அதுதான்.

நான்காவது வாக்கியம் பலவீனமானது. "முழு நம்பிக்கை இருக்கிறது" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் தனியாகப் போகவில்லை. பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஈ. டபிள்யூ. மிடில்மாஸ்ட் கொடுத்த சான்றும் சேர்ந்து போனது. கணிதத்தில் மிக அபூர்வமான ஆற்றல் உள்ள இளைஞர் என்று சொல்லும் அந்தச் சான்று அதோடு நிற்கவில்லை. எண்களைக் கூட்டிக் கழிப்பதில் இயல்பான திறன் உண்டு, கணக்குப் போடுவதில் வேகம் உண்டு என்றும் சொல்கிறது. முதல் பகுதி ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியரிடம் பேசுவது. இரண்டாம் பகுதி கணக்கு அலுவலகத்துக்குப் புரிகிற பேச்சு. விண்ணப்பதாரர் தன் வாயால் சொன்னால் தற்பெருமையாகப் படக்கூடியதை, மதிப்புள்ள ஒருவர் தன் கையெழுத்தில் சொன்னார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர், இந்தியக் கணிதக் கழகத்தில் பொறுப்பு வகித்தவர். ராமானுஜனை வெறும் பெயராக மட்டும் பார்க்கிற இடத்தில் அந்தக் கடிதம் விழவில்லை. சிபாரிசு என்ற ஒன்று அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ராமானுஜனுக்குப் பேசியவர்கள் சொந்தக்காரர்களோ ஊர்க்காரர் என்ற முறையில் சொன்னவர்களோ இல்லை. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர், கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ் எல்லோரும் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு பேசியவர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவரிடம் இரண்டு வரி வாங்கி வைப்பதும், உங்களைத் தெரிந்த ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கடிதத்தில் போடுவதும் முற்றிலும் வேறு வேறு காரியங்கள்.

ஹார்டிக்குப் போன கடிதம்

வேலை கிடைத்த பிறகு இங்கிலாந்தில் யாராவது தன் கணிதத்தைப் பார்க்க மாட்டார்களா என்ற தேடல் தொடங்கியது. சென்னைப் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் மூலம் லண்டனில் கணிதப் பேராசிரியர் எம். ஜே. எம். ஹில்லுக்குச் சில தாள்கள் போயின. விரிதொடர்களில் (கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு முடிவான எண்ணில் நிற்காத தொடர்கள்) ராமானுஜன் இடறி விழுந்திருக்கிறார் என்று சொன்ன ஹில், ஒழுங்காகப் படிக்க ஒரு நூலையும் குறிப்பிட்டார். கேம்பிரிட்ஜின் கணிதர்கள் பேக்கரும் ஹாப்சனும் உதவவில்லை. அதன் பிறகுதான் ஹார்டி.

கடிதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். சென்னைப் போர்ட் டிரஸ்ட் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டும் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்கிறார். ரூபாய்க் கணக்கில் எழுதினால் கேம்பிரிட்ஜில் இருப்பவருக்கு என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்த நாணயத்தில், மாதத்துக்குப் பதில் ஆண்டுக் கணக்கில், சொல்கிறார். படிப்பவருக்குப் புரிகிற அளவில் பேசுவது என்றால் இதுதான். இன்றைக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றின் உள்மதிப்பெண் முறையை, விளக்கமே இல்லாமல் ஜெர்மனியில் இருக்கும் நிறுவனத்துக்கு எழுதி அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வரியை யோசிக்கலாம்.

அடுத்து வயது. ஏறத்தாழ 23 என்று எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 25. எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் இது பின்பற்றக் கூடாத வரி. இன்று ஆதார் நகல் கேட்கும் நாளிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பல்கலைக்கழகக் கல்வி இல்லை, பள்ளிப் படிப்பு மட்டுமே, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன், வழக்கமான பாதையில் போகாமல் எனக்கென்று புதிய பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தொடர்கிறார். இங்கேயும் அதே அளவுதான், குறைக்கு அரை வாக்கியம். ஆனால் தொனி மாறிவிட்டது. போர்ட் டிரஸ்டுக்கு எழுதியபோது இருந்த அடக்கம் இங்கே இல்லை. குமாஸ்தா வேலைக்குப் புதிய பாதை வேண்டாம். ஆராய்ச்சியாளருக்கு அதைவிட வேண்டியது வேறில்லை.

பிறகு வருகிறது இந்தக் கடிதத்தின் உயிரான வரி. நீங்கள் வெளியிட்ட 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறுநூலைச் சமீபத்தில் பார்த்தேன், அதன் 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குத் திட்டமான கோவை (சூத்திரம்) இதுவரை கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், உண்மை விடைக்கு மிக நெருங்கிவரும் ஒரு கோவையை நான் கண்டிருக்கிறேன் என்கிறார். தங்கள் புகழ் பெரியது, தங்கள் நூல்கள் அருமை என்ற பாராட்டு ஒன்றுகூட இல்லை. நூலின் பெயர், பக்க எண், அந்தப் பக்கத்தில் திறந்து கிடக்கும் ஒரு கேள்வி, அதற்குத் தன் பங்கு, அவ்வளவுதான். எழுதியவர் உண்மையிலேயே அந்தப் பக்கம் வரைக்கும் படித்திருக்கிறார் என்பதை ஹார்டி நொடியில் தெரிந்துகொள்ளலாம்.

நான் இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்கே காரணம் இதற்கு அடுத்து வருவது. பகா எண்களைப் பற்றிய அந்த வாதம் தவறு. ராமானுஜன் நினைத்த அளவுக்கு அவருடைய கோவை துல்லியமானதில்லை என்று பிறகு தெரிந்தது. கடிதத்தில் அவர் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட காமா சார்பு விஷயமும் ஐரோப்பியக் கணிதர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அதாவது கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹார்டி அதை ஓரமாக வைத்திருக்கலாம். வைக்காமல் போனதற்குக் காரணம் இணைப்பு. பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஏறத்தாழ 120 தேற்றங்கள் என்று ஹார்டி பிறகு எழுதினார். சில அவருக்கு முன்பே தெரிந்தவை. சிலவற்றை முட்டி மோதி நிறுவ முடிந்தது. தொடர் பின்னங்கள் சிலவற்றின் முன்னால் முற்றாகத் தோற்றுப்போனதாகவும், அதுபோல எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஹார்டியோடு பணியாற்றிய கணிதர் லிட்டில்வுட்டும் சேர்ந்து பார்த்தார். பிப்ரவரி 8 அன்று ஹார்டி பதில் எழுதினார்.

கவர் லெட்டரின் வேலை என்ன என்று என்னிடம் கேட்டால் இந்த நிகழ்வைத்தான் காட்டுவேன். படிப்பவரை இணைப்பைத் திறக்க வைத்துவிட்டால் கடிதத்தின் வேலை முடிந்தது. வேலை வாங்கித் தரும் பாரத்தைக் கடிதத்தின் தலையில் ஏற்றினால்தான் அது பெரிய பெரிய சொற்களைத் தேடிப் போகும். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன், சவால்களை விரும்புகிறேன் என்ற வரிகளெல்லாம் அப்படி வந்து சேர்கிறவை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு இந்த வரிகள் எல்லாக் கடிதங்களிலும் ஒரே மாதிரி நிரம்பி வழிகின்றன. 36ஆம் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்பது

ஹார்டி பாராட்டியதோடு நிற்கவில்லை, நிறுவல்களைக் கேட்டார். இது இன்டர்வியூ அழைப்பு போல. பிப்ரவரி 27 தேதியிட்ட ராமானுஜனின் பதில் துணிச்சலானது. என் முறையைச் சொன்னால் நீங்களும் அந்த லண்டன் பேராசிரியர் வழியில்தான் போவீர்கள். நான் தரும் விடைகளை உங்கள் முறையில் சரிபாருங்கள், ஒத்துவந்தால் என் அடிப்படையில் ஏதோ உண்மை இருக்கிறது என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் எழுதினார். சான்றிதழ் இல்லாதவர் கையில் இருக்கும் வலுவான துருப்பு இதுதான்: என்னைச் சோதித்துப் பாருங்கள்.

அதே கடிதத்தில், நான் இப்போதே அரைப் பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்ற எனக்குச் சாப்பாடு வேண்டும், அதுதான் என் முதல் கவலை என்கிறார். படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. உங்களிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால், இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை பெற அது உதவும் என்று சேர்த்துச் சொல்கிறார். பணம் அனுப்புங்கள் என்றோ, ஏதாவது செய்யுங்கள் என்றோ கேட்கவில்லை. ஹார்டியால் ஒரு மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய ஒரு காரியத்தைக் கேட்கிறார், அது யாரிடம் எதற்குப் பயன்படும் என்பதையும் சொல்கிறார். "தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று முடிக்கும் கடிதங்களில் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

அந்த ஆண்டு மே 1 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. ஹார்டியின் ஆர்வத்தோடு, வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதமும் போர்ட் டிரஸ்ட் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் அதற்குப் பின்னால் இருந்தன. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார்.

இன்றைக்கு எழுதினால்

மேலே பார்த்தவற்றை வைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று கணக்கு உதவியாளர் கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பிப்பவருக்கு இரண்டு அரியர், ஒரு வருட கேப்.

"வணக்கம் ஐயா. தங்கள் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் இடம் காலியாக இருப்பதாக விளம்பரத்தில் பார்த்தேன். அதற்கு விண்ணப்பிக்கிறேன்.

பி.காம். படித்தேன். இரண்டு தாள்கள் பாக்கி, நவம்பரில் எழுதுகிறேன். அப்பாவின் உடல்நிலை காரணமாக நடுவில் ஒரு வருடம் வேலைக்குப் போகவில்லை. கடந்த எட்டு மாதமாக ஒரு ஹார்டுவேர் கடையில் டேலியில் விற்பனை, கொள்முதல் பதிவுகளைப் போடுகிறேன். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பதும், ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவதும் என் வேலை.

ஜிஎஸ்டிஆர்-2பியோடு கொள்முதல் பதிவை ஒத்துப்பார்க்கத் தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் கேட்டிருந்தீர்கள். அதை எக்செல்லில் செய்துவருகிறேன். நான் தயாரித்த தாள் ஒன்றின் மாதிரியையும், கடை உரிமையாளர் கொடுத்த சான்றையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு மாதப் பதிவுகளைக் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கலாம். எந்த நாள் வரச் சொன்னாலும் வருகிறேன்."

இவ்வளவு போதும். விளம்பரத்திலிருந்து எடுத்த அந்த 2பி வரிதான் (2பி என்பது சப்ளையர்கள் தாக்கல் செய்த விவரங்களிலிருந்து வரும் ஜிஎஸ்டி அறிக்கை) இந்தக் கடிதத்தின் 36ஆம் பக்கம். அடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும்போது கட்டாயம் மாற வேண்டிய வரியும் அதுதான். கடை உரிமையாளரின் சான்றில் "நல்ல பையன்" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எட்டு மாதமாக மாதக் கணக்கைத் தேதிக்குள் முடித்துக் கொடுத்தார் என்பது போல ஒரு வரி இருக்கட்டும், அதை நீங்களே மரியாதையாகக் கேட்டு வாங்கலாம். மாதிரித் தாளில் கடையின் உண்மையான ஜிஎஸ்டி எண்களும் சப்ளையர் பெயர்களும் இருக்கவே கூடாது. பழைய முதலாளியின் கணக்கை வெளியே காட்டுகிறவர் நாளை நம்முடையதையும் காட்டுவார் என்று எந்த மேலாளருக்கும் தோன்றும். மின்னஞ்சலில் அனுப்பினால் கடிதத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். ரெஸ்யூமும் மாதிரித் தாளும் சான்றும் மட்டும் இணைப்பாகப் போகட்டும், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு பதில் இல்லையென்றால், அலுவலக நேரத்தில் ஒரு முறை போன் செய்து, விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள்.